ருமட்டாலஜி (மூட்டு வாத நோய்) கிளினிக்ல கம்ப்யூட்டரை உருப்படியா பயன்படுத்துறது எப்படி? முழுமையான வழிகாட்டி

சுகர் நோயாளி வந்தா ஹெச்பிஏ1சின்னு மூணு மாச சராசரி சுகரை காட்டுற டெஸ்ட் பாக்கலாம், பிபி நோயாளி வந்தா மெஷின்லயே ஒரு நம்பர் வந்துடும், ஆனா முடக்குவாதம்னு நாம சொல்ற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ல நோய் இன்னைக்கு எவ்வளவு தீவிரமா இருக்குன்னு ஒரே டெஸ்ட்ல சொல்லிட முடியாது. ரத்தத்துல அழற்சியை காட்டுற ஈஎஸ்ஆர், சிஆர்பி டெஸ்ட் ரெண்டுமே சில நேரம் நார்மலா இருக்கும், அதே நேரம் ரெண்டு மணிக்கட்டும் வீங்கி இருக்கும். டாக்டர் மூட்டை தொட்டு அமுக்கி எண்ணணும், நோயாளி தன்னோட வலி எப்படி இருக்குன்னு சொல்லணும், லேப் ரிசல்ட்டும் கையில இருக்கணும், இதெல்லாம் ஒரே இடத்துல ஒரே நேரத்துல சேந்தாதான் மருந்தை ஏத்தணுமா மாத்தணுமான்னு சரியா முடிவு எடுக்க முடியும். நிறைய இடத்துல என்ன நடக்குதுன்னா "பரவால்ல, அதே மருந்து தொடரவும்"னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த ஆளை கூப்பிட்டுடுறாங்க, அந்த "பரவால்ல"க்கு என்ன அர்த்தம்னு ஆறு மாசம் கழிச்சு அதே டாக்டராலயே சொல்ல முடியாது.

அதனால எந்த சாஃப்ட்வேர், எந்த ஆப், எந்த டேப்லெட் வாங்குறதுக்கு முன்னாடியும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இது அந்த விசிட்ல எடுக்குற முடிவை மாத்துமா? மாத்தாதுன்னா அது வெறும் டைப்பிங் வேலை, டாக்டருக்கு சுமை, நோயாளிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. கீழ சொல்லப்போற எல்லா படியும் இந்த கேள்வியை வச்சுத்தான்.

முதல் படி: எந்த ஸ்கோர்னு முடிவு பண்ணுங்க

கம்ப்யூட்டரை தொடுறதுக்கு முன்னாடி இதை முடிக்கணும். ஸ்கோர்னா நோய் எவ்வளவு தீவிரம்னு ஒரே நம்பர்ல சொல்றது, அதுல டாஸ்28, சிடிஏஐ, ராபிட்3 இந்த மூணும்தான் அதிகமா பேசப்படுறது. டாஸ்28ல 28 மூட்டு பாக்கணும், அதோட ஈஎஸ்ஆரோ சிஆர்பியோ வேணும், கணக்கு போடுறதுக்கு கால்குலேட்டரும் வேணும், லேப் ரிசல்ட் சாயங்காலம்தான் வரும்னா அந்த விசிட்ல ஸ்கோர் கிடைக்காது. சிடிஏஐக்கு லேப்பே தேவையில்ல. வலிக்கிற மூட்டு எத்தனை, வீங்கின மூட்டு எத்தனை, நோயாளி தனக்கு பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள போடுற மார்க், டாக்டர் போடுற மார்க், நாலையும் கூட்டுனா முடிஞ்சுது. வலிக்கிறது 6, வீக்கம் 4, நோயாளி மார்க் 5, டாக்டர் மார்க் 4ன்னா மொத்தம் 19. 2.8 வரைக்கும் நோய் அடங்கி இருக்கு, 10 வரைக்கும் குறைவு, 22 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல தீவிரம். ராபிட்3ல மூட்டே எண்ண வேணாம், நோயாளி மட்டும் நிரப்புனா போதும், மொத்தம் 30க்கு.

என் அபிப்பிராயம் என்னன்னா நேர்ல வர்றவங்களுக்கு சிடிஏஐ, வீடியோ விசிட்டுக்கு ராபிட்3, இப்படி ரெண்டை மட்டும் வச்சுக்கிட்டு ஆரம்பிங்க. முதுகெலும்பு வாதம் இருக்குறவங்களுக்கு பாஸ்டாய்னு ஆறே கேள்வி இருக்கு, அதை தனியா சேத்துக்கலாம். எல்லா ஸ்கோரையும் ஒரே நாள்ல கொண்டு வந்தா யாரும் எதையும் நிரப்ப மாட்டாங்க.

ஸ்கோர் பாக்குறது சும்மா சம்பிரதாயம் இல்ல. கிளாஸ்கோல நடந்த டிகோரா ஆய்வு, 2004ல லான்செட்ல வந்துச்சு, 110 நோயாளிங்களை ரெண்டு குரூப்பா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு மாசா மாசம் ஸ்கோர் பாத்து, குறையலன்னா சிகிச்சையை ஏத்துனாங்க, இன்னொண்ணுக்கு வழக்கமான சிகிச்சை. 18 மாசம் கழிச்சு முதல் குரூப்ல 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கிடுச்சு, இன்னொரு குரூப்ல 16 சதவீதம்தான். பயாலஜிக் ஊசி (உயிரணுக்களை வச்சு தயாரிக்கிற புது வகை மருந்து) எதுவும் இல்லாம, பழைய மருந்துகளை வச்சே இதை பண்ணாங்க, வித்தியாசம் அளந்து பாத்ததுலயும் அதுக்கு ஏத்த மாதிரி உடனே சிகிச்சையை மாத்துனதுலயும்தான் இருந்துச்சு. இலக்கு வச்சு சிகிச்சை பண்றதுன்னு 2010ல உலக அளவுல வந்த பரிந்துரைக்கெல்லாம் இந்த மாதிரி ஆய்வுங்கதான் அடிப்படை.

ரெண்டாவது படி: நோயாளி பங்கை டாக்டர் ரூமுக்கு வெளியவே முடிங்க

டாக்டர் முன்னாடி உக்காந்து "பத்துக்கு எத்தனை வலி?"ன்னு கேட்டா நிறைய பேர் டாக்டர் மூஞ்சை பாத்து பதில் சொல்றாங்க, நல்லா இருக்கேன்னு சொன்னா சந்தோஷப்படுவாரேன்னு குறைச்சு சொல்றவங்க ரொம்ப பேர். காத்திருக்குற இடத்துல ஒரு டேப்லெட்ட கொடுத்தா அந்த தயக்கம் குறையும். டென்மார்க்ல 2000ல ஆரம்பிச்ச டான்பியோங்கிற மூட்டு வாத நோயாளிங்க பதிவேட்டுல இதைத்தான் பண்றாங்க, நோயாளி வந்ததும் வெயிட்டிங் ஹால்ல இருக்குற டச் ஸ்க்ரீன்ல தானே நிரப்பிட்டு உள்ள போறாங்க. ஸ்வீடன்ல 1995லயே இந்த மாதிரி பதிவேடு ஆரம்பிச்சாச்சு.

இதுல சின்ன விஷயம்னு நினைக்கிறதுதான் எல்லாத்தையும் கவுத்துடும். விரல் வளைஞ்சவங்களால சின்ன பட்டனை தொட முடியாது, வழுக்குற ஸ்லைடரை இழுக்க முடியாது, அதனால பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் பெரிய பெரிய கட்டமா வைங்க, ஒரு திரைக்கு ஒரே கேள்வி, டேப்லெட்டை மேஜை மேல சாய்ச்சு வைக்க ஸ்டாண்டு, ஏன்னா கையில பிடிச்சுக்கிட்டு நிரப்புறதே அவங்களுக்கு வலி. மொழி அவங்க வீட்டுல பேசுற மொழியா இருக்கணும், படிக்க வராதவங்களுக்கு வாசிச்சு காட்டுற வசதியோ பக்கத்துல ஒரு ஆளோ இருக்கணும், இல்லன்னா கூட வந்தவங்க நிரப்பிடுவாங்க, அது அவங்களோட வலி ஆகிடும், நோயாளியோடது இல்ல. முன்னாடி நாள் ராத்திரியே போனுக்கு லிங்க் அனுப்புறதும் நல்லதுதான், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க, நிரப்பாம வர்றவங்களுக்கு டேப்லெட் தயாரா இருக்கட்டும்.

மூணாவது படி: நம்பரை நம்பரா சேமிங்க

"வலது மணிக்கட்டு லேசா வீக்கம், இடது நடுவிரல் வலி"ன்னு வாக்கியமா டைப் பண்ணி வச்சா மனுஷன் படிக்கலாம், கம்ப்யூட்டரால எண்ண முடியாது, கிராஃப் போட முடியாது. 28 மூட்டும் இருக்குற ஒரு உடம்பு படத்தை திரையில வைங்க, தொட்டா வலி, இன்னொரு தடவை தொட்டா வீக்கம், மொத்தத்தை அதுவே கூட்டிக்கட்டும். கை பழகிட்டா வாக்கியமா எழுதுறதை விட இது வேகமா முடியும்.

மொத்தத்தை மட்டும் சேமிக்காம உள்ள இருக்குற நாலு பகுதியையும் தனித்தனியா சேமிக்கணும், இதை வலியுறுத்தியே சொல்றேன். ஒருத்தருக்கு சிடிஏஐ 24ன்னு வருது, உள்ள பாத்தா வலிக்கிற மூட்டு 14, வீக்கம் பூஜ்யம், நோயாளி மார்க் 9, டாக்டர் மார்க் 1. இது மூட்டு அழற்சி ஏறுனதா இல்லாம ஃபைப்ரோமயால்ஜியாவோ (வீக்கம் இல்லாம உடம்பெல்லாம் வலிக்கிற நோய்) தூக்கமின்மையோ மனச்சோர்வோ கூட இருக்கலாம். மொத்தத்தை மட்டும் பாத்து மருந்தை ஏத்துனா தேவையில்லாம எதிர்ப்பு சக்தியை குறைக்கிற மருந்து உள்ள போகும், வலி அப்படியே இருக்கும்.

லேப் ரிசல்ட்டும் பிடிஎஃப்பா வந்து ஒட்டிக்கிட்டு இருந்தா பிரயோஜனமில்ல. லேப் கம்ப்யூட்டரும் கிளினிக் கம்ப்யூட்டரும் பேசிக்கிறதுக்கு ஹெச்எல்7, அதோட புது வடிவமான ஃபயர், டெஸ்ட் பேருக்கு லாயிங்க், நோய் பேருக்கு ஐசிடி-10, இந்த மாதிரி பொது முறைகள் இருக்கு. சாஃப்ட்வேர் விக்கிறவங்ககிட்ட "எங்க டேட்டாவை நாங்க கேக்கும்போது முழுசா வெளிய எடுக்க முடியுமா, எந்த வடிவத்துல?"ன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. அதுக்கு மழுப்புனா அந்த சாஃப்ட்வேர் வேணாம்.

நாலாவது படி: கிராஃபை நோயாளி பக்கம் திருப்புங்க

போன நாலு விசிட்டோட ஸ்கோர் 24, 18, 16, 15ன்னு இருக்குன்னு வச்சுக்கோங்க. நாலாவது தடவை வரும்போது டாக்டர் போன தடவையோட மட்டும் ஒப்பிட்டு பாத்தா குறைஞ்சுக்கிட்டுத்தான் இருக்குன்னு தோணும், அதே மருந்தை எழுதிடுவார். அதையே கிராஃபா போட்டு 10ல ஒரு பச்சை கோடு இழுத்துட்டா, கோடு தொடாமலே ஒரு வருஷம் ஓடிடுச்சுன்னு பளிச்னு தெரியும். மூணு மாசத்துல நல்ல முன்னேற்றம், ஆறு மாசத்துல இலக்கு, இது கிடைக்கலன்னா சிகிச்சையை மாத்தணும்னு பரிந்துரையே இருக்கு. அதே கிராஃப்ல கீழ மருந்து பட்டையும் வரணும், முடக்குவாதத்துக்கு முதல்ல குடுக்குற மெத்தோட்ரெக்சேட் எப்ப 15 மில்லிகிராம்ல இருந்து 20 ஆச்சு, ஸ்டீராய்டு எப்ப நிறுத்துனது, இதெல்லாம் ஸ்கோர் கோட்டோட ஒரே பார்வையில தெரிஞ்சா ரெண்டு நிமிஷத்துல முடிவு வந்துடும்.

ஸ்க்ரீனை திருப்பி நோயாளிக்கும் காட்டுங்க. ஊசி மருந்துக்கு பயப்படுறவங்ககிட்ட எவ்வளவு பேசினாலும் ஏறாதது, தன்னோட சொந்த கோடு இறங்காம நிக்கிறதை பாத்ததும் புரியும். மாத்திரையை நடுவுல நிறுத்திட்டு சொல்லாம இருந்தவங்க கூட அந்த மேட்டை கைகாட்டி "அப்பதான் டாக்டர் நான் நிறுத்தியிருந்தேன்"னு தானா சொல்லுவாங்க.

அஞ்சாவது படி: மருந்து பாதுகாப்பு, இங்கதான் உயிர் இருக்கு

இதுக்கு மத்த எல்லா படியை விடவும் அதிக நேரம் ஒதுக்குங்க. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தடவை போடுற மருந்து. தவறி தினமும் போட்டா எலும்பு மஜ்ஜை பாதிச்சு, வாயெல்லாம் புண்ணாகி, உயிரே போயிருக்கு, இது உலகம் முழுக்க திரும்ப திரும்ப நடக்குற தப்பு. பல சாஃப்ட்வேர்ல எந்த மருந்தை தேர்ந்தெடுத்தாலும் பக்கத்து பெட்டியில "தினமும்"னு தானா வந்து நிக்கும், அவசரத்துல அப்படியே ஓகே குடுத்துடுவாங்க. அதை முதல்ல மாத்துங்க. மெத்தோட்ரெக்சேட்னு தேர்ந்தெடுத்தா "வாரம் ஒரு முறை"ங்கிறது மட்டும்தான் வரணும், கிழமை பேரை நிரப்பாம சேமிக்கவே விடக்கூடாது, பிரிண்ட்ல "ஞாயிற்றுக்கிழமை மட்டும்"னு முழு வார்த்தையில வரணும், சுருக்கெழுத்து கூடாது. தினமும்னு யாராவது எழுதியே ஆகணும்னா ஒரு தடை வந்து காரணம் கேக்கணும். 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம்னு ரெண்டு அளவு மாத்திரை கலந்து எழுதாம ஒரே அளவை வச்சு எத்தனை மாத்திரைன்னு எழுதுறதும் குழப்பத்தை குறைக்கும். மெத்தோட்ரெக்சேட்டோட பக்க விளைவை குறைக்கிற ஃபோலிக் ஆசிட் விட்டமின் கூடவே தானா வரட்டும், ஆனா வேற கிழமைன்னு தெளிவா எழுதி.

அடுத்தது ரத்த டெஸ்ட். மெத்தோட்ரெக்சேட் ஆரம்பிச்ச முதல் மூணு மாசம் 2ல இருந்து 4 வாரத்துக்கு ஒரு தடவை, மூணுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் 8ல இருந்து 12 வாரம், அதுக்கு அப்புறம் 12 வாரத்துக்கு ஒரு தடவை ரத்த அணுக்கள், ஈரல், கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) பாக்கணும். இதை மனசுல வச்சுக்க யாராலயும் முடியாது, கம்ப்யூட்டருக்கு இது ரொம்ப சுலபம். நாள் வந்தா நோயாளி போனுக்கு மெசேஜ், ரெண்டு வாரம் தாண்டியும் ரிசல்ட் வரலன்னா நர்ஸ் லிஸ்ட்ல பேர் சிவப்புல.

ஹைட்ராக்சிக்ளோரோகுயின் (முடக்குவாதத்துக்கு குடுக்குற இன்னொரு மாத்திரை, அளவு கூடினா கண்ணை பாதிக்கும்) எழுதும்போது உடல் எடையை கேக்கணும். கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல தினமும் போகக்கூடாதுன்னு அமெரிக்க கண் மருத்துவ அகாடமி 2016ல சொன்னது. 50 கிலோ இருக்குறவருக்கு 250தான் எல்லை, ஆனா பழக்கத்துல 400ன்னு எழுதிடுறாங்க, அது கிலோவுக்கு 8 ஆகிடுது. ஆரம்பிச்ச முதல் வருஷத்துக்குள்ள ஒரு கண் பரிசோதனை, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம், சிறுநீரகம் சரியில்லாதவங்களுக்கு இன்னும் சீக்கிரமே. இந்த தேதியையும் சிஸ்டமே பாத்துக்கட்டும்.

பயாலஜிக் ஊசிக்கு ஒரு செக்லிஸ்ட் பூட்டு வைங்க. காசநோய் டெஸ்ட், மார்பு எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ் பி, இந்த ரிசல்ட் உள்ள வராம முதல் ஊசிக்கு ஆர்டர் போகக்கூடாது. ரிட்டுக்ஸிமாப் மாதிரி பயாலஜிக் மருந்துல பழைய ஹெபடைட்டிஸ் பி மறுபடி கிளம்பி ஈரலை கெடுத்துடும், அதனால இப்ப தொற்று இருக்கான்னு காட்டுற மேற்புற ஆன்டிஜென் மட்டும் பாத்தா பத்தாது, முன்னாடி வந்து போனதையும் காட்டுற கோர் ஆன்டிபாடியும் பாக்கணும். ஸ்டீராய்டு தினமும் 2.5 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ மூணு மாசத்தை தாண்டி போனா எலும்பு பலத்தை பத்தி யோசிக்கச் சொல்லி ஒரு குறிப்பு வரணும், ஏன்னா "கொஞ்ச நாளைக்கு"ன்னு ஆரம்பிச்ச ஸ்டீராய்டு ரெண்டு வருஷம் ஓடுறது சர்வ சாதாரணம். கவுட் (யூரிக் ஆசிட் சேந்து வர்ற மூட்டு வலி) நோயாளிக்கு யூரிக் ஆசிட் 6க்கு கீழ வந்துச்சான்னு ஒரு கட்டம் போதும்.

இவ்வளவு சொன்னதும் எல்லாத்துக்கும் அலர்ட் வச்சுடாதீங்க. ஒரு நாளைக்கு அம்பது அலர்ட் வந்தா டாக்டர் படிக்காமலே மூடுவார், அதுல ஒண்ணு உண்மையிலயே ஆபத்தானதா இருக்கும். வேலையை நிறுத்துற அலர்ட் ஒரு கை விரல்ல அடங்கட்டும்: தினசரி மெத்தோட்ரெக்சேட், மெத்தோட்ரெக்சேட்டோட ட்ரைமெத்தோப்ரிம் இருக்குற ஆன்டிபயாடிக் (ரெண்டும் சேந்தா எலும்பு மஜ்ஜை பாதிக்கும்), கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இருக்குறவங்களுக்கு கருவை பாதிக்கிற மெத்தோட்ரெக்சேட்டோ மைகோஃபினோலேட்டோ, ஹெபடைட்டிஸ் பி தெரியாம பயாலஜிக். மத்ததெல்லாம் ஓரத்துல அமைதியா நிக்கட்டும்.

ஆறாவது படி: வராதவங்களை தேடுங்க

கிளினிக்குக்கு வந்தவங்களை மட்டும்தான் நாம பாக்குறோம், வராம போனவங்கதான் பெரும்பாலும் மோசமா இருப்பாங்க. டேட்டா ஒழுங்கா இருந்தா வாரத்துக்கு ஒரு தடவை மூணு லிஸ்ட் எடுக்கலாம்: ஆறு மாசமா வராத முடக்குவாத நோயாளிங்க, ஸ்கோர் 10க்கு மேல இருந்தும் கடைசி ரெண்டு விசிட்ல மருந்து மாறாதவங்க, ரத்த டெஸ்ட் தேதி தாண்டினவங்க. லூபஸ்ல (எதிர்ப்பு சக்தியே உடம்போட உறுப்புகளை தாக்குற நோய்) இன்னொண்ணும் சேரணும், சிறுநீர்ல புரதம் கடைசியா எப்ப பாத்தது, ஏன்னா சிறுநீரகம் வலிக்காமலே கெட்டுப்போகும். லிஸ்ட் எடுக்குறது அஞ்சு நிமிஷ வேலை, கூப்பிட்டு பேசுறதுக்குத்தான் ஆள் வேணும், அந்த ஆளோட வேலை நேரத்துல இது எழுதியே இருக்கணும், "நேரம் கிடைச்சா பண்ணும்மா"ன்னு சொன்னா நடக்காது.

ஏழாவது படி: வீடியோ விசிட், ஆப்

வீக்கத்தை வீடியோல தொட்டு பாக்க முடியாது, அதனால முதல் விசிட்டும், புதுசா வீக்கம் வந்தவங்களும், மருந்து மாத்த வேண்டியவங்களும் நேர்லதான். நோய் அடங்கி ஒரே மருந்துல நிலையா இருக்குறவங்களுக்கு வீடியோ அருமையா ஒத்துவரும், ரத்த டெஸ்ட் பக்கத்துலயே எடுத்து அனுப்பிடலாம், முட்டி வலியோட மணிக்கணக்குல பஸ்ல உக்கார வேண்டாம். அதுக்கு முன்னாடி ராபிட்3 நிரப்பி இருக்கணும், 6க்கு மேல இருந்தா அந்த வீடியோவை நேர் விசிட்டா மாத்திடுங்க.

நெதர்லாந்துல ஒரு ஆய்வு 2022ல வந்துச்சு. நோய் தீவிரம் குறைவா இருக்குறவங்க ஆப்ல வாராவாரம் நிரப்பணும், தேவைப்பட்டா மட்டும் வரலாம்னு விட்டாங்க. டாக்டர்கிட்ட போன தடவைங்க மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சுது, நோய் ஏறல. மிச்சமான அந்த நேரம் புது நோயாளிக்கு போனா எவ்வளவு பெரிய விஷயம்! ஆனா ஆப்ல வர்றதை யார், எத்தனை நாளைக்குள்ள பாப்பாங்கன்னு முடிவு பண்ணாம ஆரம்பிக்காதீங்க. ஒருத்தர் சனிக்கிழமை ராத்திரி வலி 10க்கு 10ன்னு போட்டுட்டு பதிலுக்கு காத்திருப்பார், அது யார் கண்ணுலயும் படலன்னா அந்த ஆப் இல்லாம இருந்ததே நல்லது. "இது அவசரத்துக்கு இல்ல, காய்ச்சலோ மூச்சு திணறலோ வந்தா நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க"ன்னு முதல் திரையிலயே இருக்கணும்.

கைக்கடிகாரம் மாதிரி கட்டுற கருவி, நடை எண்ணிக்கை குறைஞ்சா நோய் ஏறுதுன்னு கண்டுபிடிக்கிறது, இதெல்லாம் ஆராய்ச்சியில நம்பிக்கை தருது, தினசரி சிகிச்சைக்கு இன்னும் அவசரப்பட வேணாம்.

எட்டாவது படி: அனுப்புற டாக்டரையும் சேத்துக்கோங்க

மூட்டு வீக்கம் ஆரம்பிச்சு ஆறு வாரத்துக்குள்ள ருமட்டாலஜிஸ்ட் பாக்கணும், மூணு மாசத்துக்குள்ள மருந்து ஆரம்பிக்கணும்னு ஐரோப்பிய பரிந்துரை சொல்லுது. பொது டாக்டர் அனுப்புற ரெஃபரல் படிவத்துல வீங்கின மூட்டு எத்தனை, காலையில விறைப்பு 30 நிமிஷத்துக்கு மேலயா, எத்தனை வாரமா, சிஆர்பி எவ்வளவு, இந்த நாலு மட்டும் கட்டாயமா இருந்தா போதும், யாரை இந்த வாரம் பாக்கணும், யாரை அப்புறம் பாக்கலாம்னு பிரிச்சுடலாம்.

எதை முதல்ல பண்றது?

காசும் ஆளும் குறைவா இருந்தா மெத்தோட்ரெக்சேட் பூட்டும் ரத்த டெஸ்ட் நினைவூட்டலும் முதல்ல, அதுக்கு அப்புறம் சிடிஏஐ, அதுக்கு அப்புறம் கிராஃப், ஆப் எல்லாம் கடைசி. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு நாள் ஓபி, இப்படி சின்னதா ஆரம்பிச்சு, எத்தனை விசிட்ல ஸ்கோர் பதிவாச்சுன்னு மாசா மாசம் சுவத்துல ஒட்டுங்க. லாகின் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா, நோயாளி விவரத்தை ஊழியர் வாட்ஸ்அப் குரூப்ல போடக்கூடாது, பேக்கப் எடுக்குறதோட விட்டுடாம அதை திரும்ப திறந்து பாக்கவும் செய்யணும்.

உங்க கிளினிக்ல இது எதுவும் இல்ல, நீங்க நோயாளின்னா, போன்லயே ஒரு நோட் திறந்து வாரத்துக்கு ஒரு நாள் மூணு விஷயம் எழுதுங்க: வலி பத்துக்கு எத்தனை, காலையில விறைப்பு எத்தனை நிமிஷம், எந்தெந்த மூட்டு வீங்குச்சு. வீங்கும்போது போட்டோ எடுத்து வைங்க, ஏன்னா டாக்டர்கிட்ட போற நாள்ல அது வத்தியிருக்கும். ரத்த டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல தேதியோட, மருந்து பேரு, அளவு, மெத்தோட்ரெக்சேட் எந்த கிழமைங்கிறது நோட்டோட முதல் வரியில, வேற எந்த டாக்டர்கிட்ட எதுக்கு போனாலும் அந்த முதல் வரியை மருந்து எழுதுறதுக்கு முன்னாடியே காட்டிடுங்க.